பேரிக்காய் மரத்தில் அமுதவல்லி

கொடைக்கானல் மலையில் உறைபனி விழும் மாதத்தில் பழமரங்களுக்கு வைரஸ் சோதனை நடக்கும். கருவி சிவப்பு காட்டினால், ரம்ப வண்டி தானாக வந்து மரத்தை வெட்டிவிடும். அந்த வருடம் அமுதவல்லியின் பேரிக்காய் மரத்துக்குச் சிவப்பு வந்தது.

"போன வருஷம்கூட நல்லா காய்ச்சுதே சார்!"

"நோய் இருக்கேம்மா," என்றார் சோதனை செய்தவர்.

"எனக்கும்தான் சர்க்கரை நோய் இருக்கு. என்னையும் வெட்டிருவீங்களா?"

"இது பக்கத்துத் தோட்டத்துக்குத் தொத்திக்கும்மா."

அமுதவல்லி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மரத்தில் ஏறி உட்கார்ந்தாள். ஆள் இருப்பதைக் கண்ட வண்டி, ரம்பத்தைச் சுழற்றாமல் அடியிலேயே காத்து நின்றது.

பொழுது சாய்ந்ததும் அவளுக்குக் குளிரில் பல் கிட்டியது. பக்கத்துத் தோட்டக்காரி ஸ்டெல்லா கம்பளியோடு வேலி தாண்டி வந்து, தானும் ஏறினாள்.

"தள்ளி உக்காருக்கா. என் மரத்துக்குத் தொத்துனா நான் பாத்துக்கிறேன்."