மிளகுக்குச் சொன்ன பொய்

நகராட்சி நாய்க் காப்பகத்தில் அந்த ஆண்டு கூண்டுகள் விசாலமாயின, தரை குளிர்ச்சியானது. எல்லாவற்றுக்கும் மேலாக, மனிதர் பேச்சை நாய்களுக்கு விளங்கவைக்கும் கழுத்துப்பட்டி வந்தது. பராமரிப்பாளர் ரெஜினா, "கொஞ்சம் வலிக்கும்டா" என்று சொல்லி ஊசி போட்டால், அவை நடுங்காமல் நின்றன.

மிளகு என்ற நாய் மட்டும் உண்ண மறுத்தது. மகனுடைய அடுக்ககத்தில் நாய்க்கு அனுமதியில்லை என்று அதைக் கொண்டுவந்து விட்டவர் தணிகாசலம். பட்டி மாட்டியதும், பள்ளி வாசலில் குழந்தையைத் தேற்றுவதுபோல், "சாயந்தரம் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிப் போயிருந்தார். அன்றுமுதல் அது வாசலைவிட்டு நகரவில்லை.

ரெஜினா தொலைபேசியில் அழைத்ததும் அவர் ஓடிவந்தார்.

"நிஜத்தைச் சொல்லிடுங்க ஐயா. இன்னும் பட்டினி கிடந்தா பிழைக்காது."

"சும்மா ஒரு சமாதானத்துக்குச் சொன்னதும்மா. எல்லாரும் சொல்றதுதானே?"

"இப்பல்லாம் அதுங்க நம்பிடுது ஐயா."

அவர் மண்டியிட்டு அதன் தலையைத் தடவினார். "மிளகு, நான் பொய் சொல்லிட்டேன். உன்னைக் கூட்டிட்டுப் போக வரமாட்டேன். இனிமே இதான் உன் வீடு. சாப்பிடு."

நாய் அவர் முகத்தை நெடுநேரம் பார்த்தது. கையை ஒருமுறை நக்கிவிட்டு உள்ளே போய்த் தட்டில் வாய் வைத்தது. உண்டு முடித்ததும் மற்ற நாய்களோடு நிழலில் படுத்துக்கொண்டது.

"கிளம்பலையா ஐயா?" என்றாள் ரெஜினா.

"ஒருதரம் திரும்பிப் பார்க்கட்டும்மா. போயிடறேன்."

சாயங்காலம்வரை தணிகாசலம் வாசலைவிட்டு நகரவில்லை.