மூலையில் மரங்கள்

“வளைவா சார் இது? முழங்கையை முறிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. நேரா ஓங்கி அடிக்கிறவன் என்ன பாவம் பண்ணான்?” என்றார் கிளப் செயலாளர் வித்யாசங்கர்.

அந்தக் கோல்ஃப் மைதானத்தை வடிவமைத்த ஜெயசிங் சிரித்தார். பந்து போகும் பாதையின் வளைவோடு சுற்றிப் போகிறவன் பயந்தாங்கொள்ளி. துணிந்தவன் மூலையிலிருக்கும் யூகலிப்டஸ் மரங்களுக்கு மேலாகக் குறுக்கே அடித்துவிடலாம், அதுதான் இதன் அழகு என்றார். வெறும் பேச்சு எதற்கு என்று தானே மட்டையை வாங்கி அடித்தும் காட்டினார். பந்து மரங்களைத் தாண்டாமல் இலைகளுக்குள் புகுந்து மறைந்தது.

வாக்குவாதம் மறுபடி சூடுபிடித்து, அவர் இரண்டாவது பந்தை வைத்துக் குனிந்தபோது, அந்த மரங்களுக்குள்ளிருந்து ஒரு பெண் வந்து பந்தை நீட்டினாள்.

“குழம்புல விழுந்துடுச்சு சார். கழுவிட்டுத்தான் கொண்டாந்தேன்.”

கழுவியும் கருவாட்டு வாசம் போகவில்லை. வரைபடத்தில் அந்த மூலையில் அவர் மரங்களை மட்டுமே போட்டிருந்தார். அங்கிருந்து அடுப்புப் புகை எழுவதைப் பார்த்துக்கொண்டேதான் போட்டார். செயலாளர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் தரையிலிருந்த இரண்டாவது பந்தைப் பார்த்தாள்.

“இதையும் அடிக்கப் போறீங்களா?” குரலில் கோபமே இல்லை. “கொஞ்சம் பொறுங்க சார். தூளியை மரத்துலதான் கட்டியிருக்கேன். போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கிறேன்.”