மாடி வீட்டு இருமல்

அன்று காலை வசுமதி காபி ஆற்றிக்கொண்டிருந்தபோது, சுவரில் மாட்டியிருந்த வாடகை ஆலோசகன் கருவி பேசியது. குரோம்பேட்டையில் வீட்டுக்காரர்கள் எல்லோரும் அதன் பேச்சைக் கேட்டுத்தான் நடந்தார்கள். அது சொன்னது எதுவும் இதுவரை பொய்த்ததில்லை.

"இந்த வருஷத்துக்குள்ள இந்த வீட்ல ஒரு சாவு விழும். விழுந்தா வாடகை இறங்கிடும். மாடிக்கு இப்பவே நீண்ட ஒப்பந்தம் போட்டுடுங்க."

வசுமதிக்கு யோசிக்க ஒன்றுமில்லை. மாடியில் குடியிருக்கும் எத்திராஜ் விடிய விடிய இருமுகிற மனுஷன். படியேறிப் போய், வீட்டுக்காரர்கள் வழக்கமாகச் சொல்வதையே சொன்னாள்.

"எங்க பையன் குடும்பத்தோட வர்றான். மாடி வேணும்."

"இவரை இந்த நிலைமையில வெச்சுக்கிட்டு நான் எங்கம்மா போவேன்?" என்றாள் எத்திராஜின் மனைவி மரகதம். "எந்த வீட்டு ஆலோசகனும் எங்களைச் சேர்க்காது."

"பாவம், இருந்துட்டுப் போகட்டும்டி" என்று கருணாகரன் சொல்லிப் பார்த்தார். வசுமதி கணவனின் பேச்சைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

மாதக் கடைசியில் அவர்கள் காலி செய்தார்கள். மனசு கேட்காமல் கருணாகரன்தான் கட்டிலுக்கு ஒரு கை கொடுத்து இறக்கிவிட்டார். வண்டி தெருமுனை திரும்பியதும் வசுமதி உள்ளே வந்து கேட்டாள்.

"இனிமே பயமில்லையே?"

"இந்த வருஷத்துக்குள்ள இந்த வீட்ல ஒரு சாவு விழும்" என்றது ஆலோசகன், அதே குரலில்.

வாசல் படியிலிருந்து கருணாகரன் கூப்பிட்டார்.

"வசு, கொஞ்சம் தண்ணி கொண்டா. என்னமோ மூச்சு வாங்குது."

சொம்பை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மாடியிலிருந்து ஒரு இருமல் கேட்காதா என்று அவள் காது ஏங்கியது.