இருபத்திநாலு வார்த்தை

அம்மா பல்லு கூட விளக்காம போனை எடுத்து தன்னோட பிட்காயின் ஆப்பைத் திறந்துட்டாங்க. மகளுக்கு சிரிப்பு வந்துடுச்சு.

"என்னம்மா, விலை ஏறிடுச்சா?"

"விலையை யாருடி பார்த்தா? காயின் எத்தனை இருந்துச்சோ அத்தனையும் அப்படியே இருக்கு"ன்னு அம்மா பெருமூச்சு விட்டாங்க.

ரெண்டு வருஷமா தினமும் இதே கதைதான். அண்ணன் அப்பாகிட்ட சண்டை போட்டுட்டு, போனைக்கூட இங்கயே வெச்சுட்டு வீட்டை விட்டுப் போனதுல இருந்து ஒரு தகவலும் இல்ல. அம்மா மனசை இப்படி ஏதோ திசைதிருப்பிக்கிறாங்கன்னு மகள் நினைச்சா.

"அம்மா, பீரோல இருக்கிற உன் காயின் வாலட், அந்த பென்டிரைவ் மாதிரி மெஷின், பழசாயிடுச்சு. இருபத்திநாலு வார்த்தை எழுதின பேப்பரைக் கொடு, எல்லாத்தையும் புதுசுக்கு மாத்திடலாம், பழைய வார்த்தை செல்லாமப் போயிடும். அந்த வார்த்தைதான் சாவி, எவன் கையில கிடைச்சாலும் காயினை எங்க இருந்து வேணா உருவிடுவான்."

"அது பத்திரமா இருக்கு. மாத்தவே கூடாது."

"பெத்த பொண்ணையே நம்ப மாட்டியா நீ?"

அம்மா போனை எடுத்துக்கிட்டு சமையக்கட்டுக்குப் போயிட்டாங்க.

அடுத்த வாரம் மகள் குளிச்சிட்டு வந்தா, அம்மா போனைப் பார்த்து தேம்பிட்டிருந்தாங்க. எட்டிப் பார்த்தா, காயின் கொஞ்சம் குறைஞ்சிருக்கு.

"ஐயோ, திருடிட்டாங்களே! தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே, அந்தப் பேப்பரை எங்கம்மா வெச்ச?"

"உங்க அண்ணன் கிளம்பினப்போ அவன் சட்டைப் பையில நான்தான்டி திணிச்சேன்." அம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டே சிரிச்சாங்க. "உசுரோடதான் இருக்கான். எடுத்திருக்கிறதைப் பாரு, இத்துனூண்டு! வீம்பு மட்டும் குறையவே இல்ல."