கட்டியும் கட்டிக்கிட்டவளும்

"இவரு டாக்டரா, கோமாளியா?"

மனைவியின் குரல் எங்கோ தூரத்திலிருந்து கேட்டது அவருக்கு. ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிகிற நேரம். கட்டில் மெல்ல மிதந்தது. கடையில் பிரித்துப் போட்ட துணியெல்லாம் காற்றில் பறந்து அவரைச் சுற்றி வந்தது.

ஜவுளிக்கடையில் விற்பனையாளர் அவர். பல்லைக் காட்டித்தான் பிழைப்பு. அந்த முகத்தில், காதுக்குக் கீழே பார்த்து வந்தது கட்டி. அபூர்வமான ரகமாம். அதற்குப் பெயர் வைக்கவே பரிசோதனைக்கூடத்தில் மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

பெயரில்தான் எல்லாமே இருந்தது. பொல்லாத ரகமென்றால் முகத்தை அசைக்கிற நரம்பையும் சேர்த்து வெட்ட வேண்டும், வாய் கோணிவிடும். கொஞ்சம் சாதுவென்றால் நரம்பை விட்டுவிட்டு உரித்து எடுத்துப் பார்க்கலாம்.

கடைசியில் 'சாது' என்றுதான் முடிவு வந்தது. அப்படியும் நரம்பு தப்பும் என்று சர்ஜன் வாக்குக் கொடுக்கவில்லை. பார்க்கும்போதெல்லாம் கடி ஜோக்தான் சொன்னார். தலை போகிற நேரத்தில் என்ன ஜோக் என்று மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இப்போதும் சர்ஜன் கட்டிலருகே குனிந்தார்.

"சார், கண்ணைத் திறங்க. கட்டியை எடுத்தாச்சு. கட்டிக்கிட்டவங்களைத்தான் எடுக்க முடியல!"

"நல்லாயிருக்கு நியாயம்! மனுஷன் செத்துப் பிழைச்சு வந்திருக்காரு, உங்களுக்குக் கிண்டலா இருக்கா?" மனைவி சீறினாள்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜோக்குக்கா, அவள் கோபத்துக்கா என்று அவருக்கே தெரியவில்லை. அந்த மிதப்பில் எல்லாமே இனிமையாக இருந்தது.

சர்ஜன் சிரிக்கவில்லை. சிரித்தவரின் இரண்டு உதட்டோரங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டு பக்கமும் அசையுதும்மா. நரம்பு தப்பிச்சிடுச்சு."

மனைவிக்குக் குரல் இறங்கிவிட்டது. "அதுக்கு... சிரிங்கன்னு நேராவே கேட்டிருக்கலாமே, டாக்டர்?"

"கேட்டு, ஒரு பக்கம் அசையலைன்னா? கண்ணு முழிச்சதுமே அவருக்கு அது தெரியணுமா? அதான் மொக்கையா ஒண்ணைச் சொல்றது. சிரிக்க முடியலைன்னாலும், பழி என் ஜோக் மேல போயிடும்மா."