குழாய் இல்லாத வரிசை

ஒரு பெரிய வெள்ளைக் கூடத்தில் பிளாஸ்டிக் குடங்களை வரிசையாக வைத்து, கலைக் கண்காட்சி என்றார்கள். கடைசியில் நின்றது ஓட்டை விழுந்த பச்சைக் குடம்.

"அக்கா, இங்கே குழாயே இல்லை. ஓட்டைக் குடம்னு என்னை எப்போ தூக்கிப் போடுவாங்களோ," என்று அது தனக்கு முன்னால் நின்ற மஞ்சள் குடத்திடம் புலம்பியது.

"சும்மா நில்லு. தண்ணி ஒழுகினது போதாதுன்னு இப்போ பேச்சும் ஒழுகுது உனக்கு."

வந்தவர்கள் எட்டி நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அப்போது இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி வந்தாள். வரிசையைப் பார்த்ததும், தெருவில் செய்கிற பழக்கத்தில் ஓடிப்போய், பச்சைக் குடத்துக்குப் பின்னால் தன் பாட்டிலை வைத்து இடம் பிடித்துவிட்டாள். பிறகுதான் வெட்கமாகச் சிரித்தாள். பக்கத்தில் நின்ற இன்னொருத்தியும் சிரித்துக்கொண்டே தன் பையை அதற்குப் பின்னால் வைத்தாள்.

"அக்கா, நேரா நில்லு," என்றது பச்சைக் குடம். "எனக்குப் பின்னாடி ஆள் வந்தாச்சு."