மருமகளுக்குக் கட்டிய மருந்து

“வைத்தியரே! குழந்தை பிறக்க மருந்து கேட்டா, குடல் வெளியே வர்ற மருந்தா கொடுப்பீங்க? என் மருமக நாலு நாளா வாந்தி எடுக்கறா!”

சீனாவின் சூஜோ நகரக் கடைத்தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள் மெய்ஃபென். பின்னால் மருமகள் லியூசின் வாயைப் பொத்தியபடி நின்றாள். மகன் ஹாவ்ரான் வந்ததும் வராததுமாக, “பாத்ரூம் எங்கே?” என்று கேட்டு உள்ளே ஓடிவிட்டான்.

மருந்துக்கடையில் உட்கார்ந்திருந்த வைத்தியர் கூ பதறவில்லை. “அந்த மூலிகைக்கு வாந்தி வராதேம்மா. ஒத்துக்கலைன்னா வயித்தாலதான் போகும்.”

“நானே காய்ச்சி, கிண்ணத்துல ஊத்தி, அவங்க ரூமுக்கு அனுப்பறேன். காலிக் கிண்ணம்தான் திரும்பி வருது. பொய்யா சொல்றேன்?”

அப்போது வயிற்றைப் பிடித்தபடி வெளியே வந்தான் ஹாவ்ரான். வைத்தியர் அவனை உற்றுப் பார்த்தார்.

“தம்பி, கிண்ணத்தைக் காலி பண்ணினது யாரு?”

ஹாவ்ரான் தலைகுனிந்தான். “கசப்பு தாங்கலைன்னு இவ அழுதாம்மா. கீழே கொட்டினா உனக்கு வாசனை வந்துடும். அதான் நானே குடிச்சிட்டேன்.”

“அடப்பாவி! அவ ஒரு வாய்கூடக் குடிக்கலையா?” அடிக்க ஓங்கிய மெய்ஃபென்னின் கை அப்படியே நின்றது. “அப்போ... இவ எதுக்கு வாந்தி எடுக்கறா?”

வைத்தியர் லியூசினின் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்துக் கண்ணை மூடினார். மெல்ல அவர் முகம் மலர்ந்தது.

“பாட்டியாகப் போறீங்க!”

மெய்ஃபென் மருமகளைக் கட்டிக்கொண்டு குதித்தாள். “அதே மருந்தை இன்னும் கட்டுங்க வைத்தியரே! ரெண்டாவது பேரப்பிள்ளைக்கு வேணும்!”

“மருமகளுக்கு இனி அதைக் கொடுக்கவே கூடாதும்மா.”

“அவளுக்கு யாரு கேட்டா?” மறுபடியும் உள்ளே ஓடிக்கொண்டிருந்த மகனைக் காட்டினாள். “இவன் குடிச்சாத்தானே பலிக்குது!”